கும்மிடிப்பூண்டியில் மணந்த நாப்பி

கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கோவிந்தசாமி வாயில் வேப்பங்குச்சியோடு எங்கள் வாசலில் நின்று, "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று அப்பாவைக் கேட்டார். காலைப் பலகாரத்துக்கு இந்தப் பக்கத்தில் நாஷ்டா என்று பெயர். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய எங்களுக்கு அது எப்படித் தெரியும்? அப்பாவின் காதில் 'நஷ்டம் ஆச்சா' என்று விழுந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று கடல் முழுக்க ஏங்கிக்கொண்டு வந்த மனிதர் அவர். மளிகைக் கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதில் ஆரம்பித்து, துறைமுகத்தில் அம்மாவின் வளையல்கள் போனது வரை ஒன்று விடாமல் சொன்னார். கோவிந்தசாமி பல் துலக்குவதை மறந்து கேட்டார். பிறகு வீட்டுக்குள் போய், சாப்பிட்டாயா என்று கேட்டதற்கே இந்த மனுஷன் அழுகிறான், எத்தனை நாள் பட்டினியோ என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஒரு குண்டான் கூழ் வந்தது. மறுநாளும் அதே கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள், தினமும் நம் நஷ்டத்தை விசாரிக்கிறார்கள் என்று அப்பா உருகிப்போய், முதல்நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ரங்கூனிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள், நாங்கள் சொந்த நாட்டுக்கு வந்து சௌக்கியமாக இருப்பதாக நினைத்திருப்பார்கள். சர்க்கார் காகிதத்திலும் எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்றுதான் பெயர். நான் பிறந்ததே ரங்கூனில். அதுவரை வராத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஆளில்லை. இங்கே வீடு 'ஊடு' ஆனது. அம்மா ரங்கூன் வழக்கப்படி கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு வெளியே வந்ததும், பக்கத்து வீட்டம்மாள் அம்மை போட்டிருக்கிறது என்று எங்கள் வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். அதன்பிறகு ஒரு வாரம் எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. நாஷ்டா கேள்வியும் நின்றுபோனதால், அப்பா சொல்ல ஆளில்லாமல் தவித்துப்போனார்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்ட அப்பாவால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். நாப்பி. கூனி இறாலை உப்புப் போட்டுக் காயவைத்து, இடித்து, ஜாடியில் அடைத்துப் புளிக்கவிட்ட விழுது. ரங்கூனில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நாப்பிதான் வரவேற்கும், பிறகுதான் மனிதர்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி நாறியதால் அதை யாரும் நாற்றம் என்று சொன்னதில்லை. இங்கே வந்து ஐந்தாறு வருஷம் அப்பா கருவாட்டை வைத்துக்கொண்டு சமாளித்தார், சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஊரை ஒட்டிப் புதிதாக ஒரு கம்பெனி கட்ட ஆரம்பித்தார்கள். அங்கே வேலை செய்பவர்களை நம்பி அப்பா டீக்கடை போட்டார். பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து மீன் கூடையோடு வரும் தேசம்மா அந்தக் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தாள். பேச்சு வாக்கில் கூனி இறால் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து விழ, அப்பாவின் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவள் கொண்டுவந்த கூனியை அப்பா இடித்து அடைத்த ஜாடி எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் அமைதி. பிறகு ஊர்ப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து மரத்தைச் சுற்றி உட்கார்ந்தன, ஏதோ உபதேசம் கேட்பவை போல. அதற்கடுத்து தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எலி செத்திருக்கும் என்று கோவிந்தசாமி தன் குதிரில் இருந்த நெல்லை முழுக்கக் கொட்டித் தேடினார். கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள். அப்பாவும் வாளி பிடித்தார். கடைசியில் யாரோ புதுக் கம்பெனியைக் கைகாட்ட, ஊர் ஒரே குரலில் ஆமாம் என்றது. இங்கிலீஷ் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான் என்று அவரையே முன்னால் நடக்கவைத்தார்கள். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். இன்னொரு தரம் மூட்டை கட்ட அம்மாவுக்குத் தெம்பில்லை. அப்பா போனார்.

கம்பெனி இன்ஜினியர் வடக்கத்திக்காரர். இயந்திரமே இன்னும் வரவில்லை, அடுப்பே மூட்டாமல் நாற்றம் எப்படி வரும் என்று இங்கிலீஷில் கேட்டார். அப்பா ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, ஐயா மன்னிப்புக் கேட்கிறார், சீக்கிரம் சரிசெய்துவிடுவாராம் என்றார். இன்ஜினியர் பக்கம் திரும்பி, உங்கள் வருகையில் ஊருக்கு ரொம்ப சந்தோஷம், வாழ்த்திவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்றார். மெத்த மகிழ்ந்த அந்த மனிதர், ஊரை வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அப்பா இதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் வந்தேவிட்டார். தெருமுனையிலேயே கைக்குட்டை மூக்குக்குப் போனது. அவர் மூக்கு போன வழியில் அவர் நடக்க, அவர் பின்னால் ஊர் நடந்தது. முருங்கை மரம், பூனைகள், ஜாடி. கோவிந்தசாமி குனிந்து ஜாடியின் துணியை அவிழ்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா நைனா இது?"

"சாப்பாடு," என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்த தேசம்மாதான் வாயைத் திறந்தாள். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? எங்க கடலோரத்துக்கு வந்தா நீங்கல்லாம் மூச்சே உட மாட்டீங்க போல. கருவாடு துன்ற ஜனந்தான நீங்க?" என்றாள். விஷயம் புரியாத இன்ஜினியர், வாழ்த்துக்கு நன்றி சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

கோவிந்தசாமி பூனைகளை விரட்டிவிட்டு ஜாடியின் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார். எங்கள் நஷ்டக் கணக்கு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஊட்டக் காலி பண்ண வாணாம்," என்றார் கடைசியில். "அத்தக் காலி பண்ணு."

தேசம்மா ஜாடியைத் தன் குப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி நிஜமாகவே ஓட ஆரம்பித்துக் கண்ணெரியும் நாற்றம் ஒன்று ஊரைச் சூழ்ந்தபோது, யாரும் அங்கே போய்க் கேட்கவில்லை. எல்லோரும் நேராக எங்கள் கொல்லைக்குத்தான் வந்தார்கள். அப்பா சத்தியம் பண்ணியும் பாதிப்பேர் நம்பவில்லை.

மாதம் ஒருமுறை அப்பா பஸ் பிடித்து ஜாடியைப் பார்க்கப் போவார். ஒருதரம் நானும் கூடப் போனேன். ஏரித் தண்ணீரில் பூநாரைகள் அழுக்குப் படாமல் காலைத் தூக்கி வைத்து நடந்தன. மீனும் வலையும் காயும் அந்த மணலில் எங்கள் ஜாடியை யாரும் சட்டைசெய்யவில்லை. அப்பா கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். ஏரிக்கும் மணல்திட்டுக்கும் அப்பால் கடல். இப்படியே நேராகப் போனால் ரங்கூன் என்றார். அது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியாது. பிறகு மூக்கைத் தூக்கி, "வாசனை வருது பார்த்தியா? காத்து அங்கேருந்துதான் அடிக்குது," என்றார்.

காற்று கடலிலிருந்துதான் அடித்தது. ஜாடி அவருக்கு நேர் கிழக்கே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "ஆமாம்பா, வருது," என்றேன்.