மரக்காலை நானாவின் மேசை

பெருநாளைக்கு முன்னால் கற்பிட்டியில் அபாயாக் கடை திறக்கிறேன். துணி அடுக்கும் றாக்கைகளுக்கு மரம் பார்க்க இன்று புத்தளத்தில் ஒரு மரக்காலைக்குப் போனேன்.

"எம்.டி.எஃப். பலகை போதும் நானா, பார்க்க வடிவா இருக்கும்" என்றேன்.

முதலாளி நானா தலையை ஆட்டினார். "அது மரத்தூள் தங்கச்சி. உங்கட கடல் காத்துக்கு ஒரு மாரியில ஊதிரும். றாக்கை சரிஞ்சா புது உடுப்பெல்லாம் நிலத்தில. தேக்கு எடுங்க, இல்லாட்டி பலா."

அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. "சரி, பலாவே போடுவம்" என்றேன்.

ஓடர் எழுதக் கந்தோர் அறைக்குள் போனோம். ஓடர் புத்தகம் மேசை லாச்சிக்குள் இருந்தது. லாச்சி திறக்கவில்லை. இழுத்தார், தட்டினார், கடைசியில் காலை ஊன்றியும் இழுத்தார். அப்போதுதான் கவனித்தேன். மேசை முழுக்க எம்.டி.எஃப்., ஓரமெல்லாம் ஊதிப்போயிருந்தது.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"தேக்கில எனக்கு மேசை அடிச்சா, விக்க மரம் எங்க தங்கச்சி?"

ஓடரைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

நான் சிரிக்கவில்லை. அபாயாக் கடை திறக்கப்போகிற நானே வெளுத்துப்போன பழைய அபாயாவோடுதான் நின்றேன்.

உங்கள் தொழிலில் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.