பூண்டு எண்ணெயில் போன விரதம்

மார்ச் 15, சனிக்கிழமை, மாலை 6.40. காற்றில்லை, கடும் புழுக்கம். யாங்கூனில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில், வட இத்தாலிச் சமையல் என்று நடத்தும் ஓட்டலுக்கு மருமகன் கோபால் என்னை இழுத்துப்போனார்.

மனைவியின் ஒரு கண்ணுக்கு அறுவை நல்லபடி முடிந்ததால், மாரியம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருந்தேன். இன்னும் எட்டு நாள், மீனோ கறியோ வாயில் படக்கூடாது.

பதினொரு துண்டு பச்சைக் காய்கறியும் சூடான பூண்டு எண்ணெயும் வந்தன.

"சைவந்தானா?"

"கறியே கிடையாது, ஊலே" என்று அவர்கள் பேச்சில் என்னை மாமா முறை வைத்துச் சொன்னான் பரிமாறிய பர்மியப் பையன்.

"வெள்ளைக்காரன் சாப்பாட்டுல ஙாப்பி எங்க மாமா வரப்போவுது?" என்று மருமகன் சிரித்தார்.

மூன்றாவது துண்டில் ஏதோ நெருடியது. கேட்டால், "நெத்திலிதான், எண்ணெயிலேயே கரைஞ்சிரும்" என்கிறான். மெனுவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பச்சைக் காயோடு மீன் விழுது ஙாப்பியைத் தொட்டுத் தின்னும் ஊரில் எழுபத்திரண்டு வருஷம் இருந்தும், வெள்ளை மேசைத்துணியைப் பார்த்து ஏமாந்தேன்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் பூசாரி காப்பை அவிழ்த்துவிட்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க."

"அடுத்த மாசம் எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் கறி உண்டா என்று கேட்பதில்லை. உப்புச் சுவை எதிலிருந்து வருகிறது என்று கேட்டு, அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகே கை நனைக்கிறேன்.

என் தட்டு, வாடகை வண்டி, பரிகார அர்ச்சனை எல்லாம் சேர்த்துச் செலவு 91,500 கியாட்.