சுடாத துப்பாக்கிக்கு ஒரு விளம்பரம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எப்போது போகும் என்று தெரியாத கரண்ட். கம்பெனி வேலைக்கு பயோடேட்டா அடிக்க வருபவர்கள் பாதி, பழைய சாமான் விற்க வருபவர்கள் பாதி. பைக், பிரிட்ஜ், கட்டில் என்று எதைக் கொண்டுவந்தாலும் படமெடுத்து, நிலைமை எழுதி, பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் போட்டுக் கொடுப்பேன். அந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. ஓட்டை பிரிட்ஜைக் கூட ஒழுங்கான குடும்பத்துப் பெண்ணைப் போல எழுதிவிடுவேன்.

ஒருநாள் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை மீசை, வெள்ளைச் சட்டை. விற்க வேண்டியது துப்பாக்கி என்றார். எழுந்து நின்றுவிட்டேன். நல்லவேளை, கையில் கொண்டுவரவில்லை. படங்கள் மட்டும் இருந்தன, ஸ்டூடியோக்காரர் வீட்டுக்குப் போய் எடுத்தவை. ஒற்றைக் குழல், பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியது. ஆனால் பயிர் இருந்த இடத்தில் இப்போது இரும்பு உருக்கும் ஆலை நிற்கிறது. காட்டுப்பன்றி இரும்பைத் தின்னாது என்பது லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கும் தெரிந்திருந்ததால், இனி புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்கோ விற்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் சும்மா ஒப்படைக்க வேண்டும்.

நிலைமை என்ன எழுதலாம் என்று கேட்டேன். பதிலுக்குப் பன்றிக் கதை வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், கரும்புக்குள்ளிருந்து பாய்ந்து வந்த ஆண் பன்றியை ஒரே குண்டில் சாய்த்தாராம். அன்றிலிருந்து ஊரில் அவருக்குத் துப்பாக்கி ஐயா என்றுதான் பெயர். பஞ்சாயத்தில் முதல் நாற்காலி, கல்யாணத்தில் முதல் பந்தி, எல்லாம் அந்தப் பன்றி போட்ட பிச்சை. எனக்கும் கதை பிடித்துப்போய், 'ஒரே குண்டில் பன்றியைச் சாய்த்த வீரத் துப்பாக்கி' என்று எழுதிப் போட்டேன். துப்பாக்கியின் மரப் பின்கட்டையில் உள்ள கீறலைக்கூட வீரத்தழும்பு என்றே எழுதினேன். உண்மையில் அது தேர்தலுக்குத் தேர்தல் டி.வி.எஸ். வண்டியில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்ததில் வந்த கீறல்.

பத்து நாள் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. பிறகு சென்னையில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையிலிருந்து மெயில் வந்தது. சுட்டுத் தேய்ந்த துப்பாக்கி அவர்களுக்கு வேண்டாம். சுடாத பழைய துப்பாக்கி இருந்தால், அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். லைசென்ஸ் புத்தகத்தின் நகலையும் அனுப்பச் சொன்னார்கள்.

பெரியவரை வரவழைத்துப் புத்தகத்தை ஸ்கேன் செய்தேன். தோட்டா வாங்கியதை எழுதும் பக்கத்தில் ஒரே ஒரு வரி: பத்து தோட்டா. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. இப்போது வீட்டில் எத்தனை மீதி இருக்கிறது என்று சும்மாதான் கேட்டேன்.

"பத்து" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவர் மின்விசிறியைப் பார்த்தார், நான் கீபோர்டைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பன்றி தானாகவே மாரடைத்துச் செத்திருக்கலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"சுடாததுன்னே போட்ரு நைனா. ஆனா இங்கிலீசுல போடு. ஊர்ல எவனுக்கும் தெரியக்கூடாது."

அப்படியே போட்டேன். உலகம் முழுவதும் படிக்கலாம், ஆரம்பாக்கத்துக்கு மட்டும் தெரியாது என்று இரண்டு பேரும் நம்பினோம்.

அடுத்த வாரம் அந்தச் சென்னைக் கடைக்காரர் என் சென்டர் வாசலில் காரில் வந்து இறங்கினார். வழிகாட்ட நானும் ஏறிக்கொண்டேன். ஆரம்பாக்கம் டீக்கடை வரைதான் எனக்கு வழி தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் கண்ணாடியை இறக்கி, ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர் வீடு எது என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. வழி சொல்வதற்கு ஒருவர் போதும், ஏழெட்டுப் பேர் காருக்குப் பின்னாலேயே வந்தார்கள்.

வாசலில் அத்தனை தலைகளைப் பார்த்ததும் பெரியவரின் மீசை தொங்கிவிட்டது. கடைக்காரர் எதையும் கவனிக்கவில்லை. துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்துக்குக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு குண்டுகூட இதில் போனதில்லை என்றார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பெரியவர் தரையைப் பார்த்தபடி நின்றார். அவரைக் கிண்டல் செய்ய நினைத்த எனக்கே அந்த நிமிஷம் அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது அவர் மனைவி மோர்ச் செம்போடு வந்து நடுவில் நின்றார்.

"அது சுட்டதுதாங்க. அன்னிக்கே நான் உள்ளார துணி வுட்டு தொடச்சிட்டேன். முப்பது வருசமா எண்ணெ போட்டுத் தொடச்சிக்கினே கீறேன். அப்புறம் பளபளன்னு இல்லாம இன்னா?"

கடைக்காரர் என்னை முறைத்தார். சுட்டதாக இருந்தால் தனக்கு வேண்டாம், விளம்பரம் சொல்வது சரியா, அம்மா சொல்வது சரியா என்று பெரியவரிடமே கேட்டார். பெரியவர் மனைவியை வெகுநேரம் பார்த்தார். அந்த அம்மாள் செம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்காரம்மா சொல்றதுதான் சரி. ஒரு தபா சுட்டது" என்றார் பெரியவர்.

கார் என்னை விட்டுவிட்டே கிளம்பிப் போனது. கூட்டமும், அப்பாடா என்பதுபோல், பன்றியின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இனி ஸ்டேஷன்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

பெரியவர் உள்ளே போய்விட்டார். நான் செருப்பை மாட்டும்போது அந்த அம்மாள் வாசல் வரை வந்தார். என்னால் வந்த வினைதானே என்று மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கையமர்த்தினார்.

"தோட்டா டப்பாவ ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தொடைக்கிறவ நான். பத்தும் அப்டியே கீறது எனக்குத் தெரியாதா? நெசமாவே சுடுற ஆளா இருந்திருந்தா, நான் இந்த ஊட்ல பயந்துக்கினேல்ல இருந்திருப்பேன்."

ரகசியமாகச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.