நாவில் வைக்காத உப்பு

மருந்து அறையின் மர மேசைமேல் மடிப்புக் கலைந்த இரண்டு காலித் தாள்கள் கிடந்தன. உப்பை நிறுத்து மடித்துவைக்கும் தாள்கள் அவை. ஒரு புட்டிக்கு ஒரு தாள் என்பதே எங்கள் வழக்கம். அன்று காலை முதல் நாங்கள் காய்ச்சியது ஒரே ஒரு புட்டி. அந்தப் புட்டி அடுத்த அறையில், காரோடு என்ற ஊரிலிருந்து தூக்கி வரப்பட்ட ஒரு பெண்ணின் தலைமாட்டில், கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்துவதற்குச் சில நிமிடங்களே இருந்தன.

பாறசாலைப் பக்கத்துச் சிற்றாசுபத்திரி ஒன்றில் நான் செவிலியாகப் பணி செய்த காலம் அது. எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. கடையடைப்பும் ஊர்வலமும் தடியடியுமாக நாட்கள் கழிந்தன, பேருந்து ஓடவில்லை, டாக்டர் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டார். அதே வேளையில் ஊரில் வாந்திபேதியும் பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்புநீர் வெளியிலிருந்து வருவது நின்றுபோகவே, கம்பவுண்டர் தாமே தண்ணீரை ஆவியாக்கி வடித்து வாலைநீர் இறக்கி, உப்பை நிறுத்துக் கலந்து, காய்ச்சிப் புட்டிகளில் அடைத்தார். மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர், உயரமானவர், கூர்மையான நாக்கு உடையவர். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துளியை இருவர் நாவில் வைத்துப் பார்க்கவேண்டும், இருவரும் சீட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நிறுவையில் பெரும்பிழை நேர்ந்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும் என்பார்.

நானோ அப்போது கந்த சஷ்டி விரதத்தில் இருந்தேன். ஆறு நாளும் உப்பை அறவே நீக்குவது எங்கள் வீட்டு முறை. அதிகாலையில் பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் அருந்தாதவள், ஆறுமுகனுக்கென்று விட்ட உப்பை ஒரு துளிக்காக எப்படித் தீண்டுவேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் சுவைத்துச் சரி என்பார். நான் பின்னாலேயே கையெழுத்திடுவேன். ஐந்து நாளும் அப்படியே செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாளாகிய அன்று அவர் உப்பை நிறுத்துக்கொண்டிருந்தபோது, தடியடியில் தலை உடைந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தராசை அப்படியே விட்டுப்போய்த் தையலிட்டுக் கட்டிவிட்டு, கைகழுவி வந்து வேலையைத் தொடர்ந்தார். தாள்களைக் கண்டபோது அந்தக் காட்சி எனக்குள் மீண்டது. முன்பு போட்டதை மறந்து இரண்டாம் முறையும் போட்டிருப்பாரோ? அல்லது ஒரு தாள் நேற்றையதோ? ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"சாரே, குத்தாண்டாம். நான் இத நாக்குல வச்சுப் பாக்கல்ல. அஞ்சு நாளா பாக்கல்ல. உப்பு விடுற விரதம் ஆக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ சீட்டுல கையெழுத்துப் போட்டது ஆரு? உனக்க முருகனா?"

புட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்து நாவில் வைத்தேன். விரதம் அத்தோடு முறிந்தது. கடல்நீர்போல் கரித்தது. அவரும் வைத்துப் பார்த்துவிட்டு, தமக்குச் சரியாகவே படுகிறது என்றார். பிறகு தாமே தலையசைத்துக்கொண்டார். "காலத்த கஞ்சிக்குக் கருவாடு தின்னேன். எனக்க நாக்குல கருவாடு, உனக்க நாக்குல விரதம். ரெண்டையும் நம்பப்பிடாது. தராசுக்கு இது ரெண்டும் இல்ல."

அளந்தெடுத்த சிறிதளவு நீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சாராய விளக்கின்மேல் வற்றவைத்தார். அந்தப் பெண்ணின் கண்கள் குழிந்து, விரல்நுனிகள் சுருங்கி, நாடி கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டிருந்தது. அவள் கணவர் வாசலில் நின்று கிண்ணத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வெள்ளத்த ஏத்துங்க சாரே. நீங்க சமையல் செய்து முடிக்கதுக்குள்ள இவ போயிருவா. நாம தமிழ்நாட்டுக்குப் போறதுக்கு முன்ன இவ மேலோகத்துக்குப் போயிருவா."

"கொழம்புல உப்பு கூடினா வெள்ளம் ஊத்தலாம் மக்கா," என்றார் கம்பவுண்டர், சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரத்தத்துல ஏறினத ஆரு எறக்குவா?"

வெளியே முழக்கம் எழுந்து அடங்கிற்று. நான் அந்தப் பெண்ணின் உதடுகளைக் கஞ்சித் தண்ணீரால் நனைத்துக்கொண்டே, எத்தனையோ ஆண்டுகளாக நாவில் ஊறிய பாடல்களில் ஓரடியையேனும் நினைக்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை. நீர் வற்றி, வெண்ணிறப் படலம் மிஞ்சியது. அவர் அதைச் சுரண்டித் தட்டில் வைத்து, அந்த அளவு நீரில் எவ்வளவு உப்பு இருக்கவேண்டுமோ அந்த எடைக்கல்லை எதிரே வைத்தார். உப்புத்தட்டு எழவில்லை. அதே அளவில் இன்னொரு கல்லை வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

உப்பு சரியாக இருமடங்கு. அவர் பாதியை வேறொரு புட்டியில் ஊற்றி, அதில் சம அளவு வாலைநீர் சேர்த்து மீண்டும் காய்ச்சினார். புட்டியைக் கிணற்று நீரில் வைத்து ஆற்றினார். இம்முறை வற்றவைத்து நிறுத்துப் பார்த்த பிறகே ஊசி குத்தினார். பொழுது சாய்வதற்குள் நாடி திரும்பிற்று. மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன உண்டு என்று கேட்டாள்.

ஆனால் அன்று மாலையே கம்பவுண்டர் சீட்டுகளை எடுத்து வரிசையாகப் பரப்பினார். முந்திய நான்கு நாட்களின் புட்டிகள் ஏழு. ஏழிலும் அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. ஏழையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நிறுத்துப் பார்க்க ஒரு துளியும் இல்லை. அந்த நாட்களில், ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர், புட்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே வலிப்புக் கண்டு இறந்திருந்தார். நோயால்தான் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். கம்பவுண்டர் அந்தச் சீட்டின்மேல் விரலை வைத்தார். "நிறுத்தது நானாக்கும்," என்றார். "பாத்தேன்னு எழுதினது நீ. நாம ரெண்டு பேரும் இத அறியப் போறதில்ல." அதன்பின் எந்த நாளும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் உப்பு நீக்கும் விரதத்தை மேற்கொள்ளவில்லை.

இன்று என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். அதற்கான நீரில் உப்பு எவ்வளவு என்பதை இயந்திரத்தின் திரையில் ஓர் எண் காட்டிக்கொண்டேயிருக்கிறது. சென்ற வாரம், அந்த எண் சரிதானா என்று தனியே வேறொரு கருவியால் பார்த்தீர்களா என அங்கே பணி செய்யும் தம்பியிடம் கேட்டேன். கிழவியின் பயம் என்று நினைத்திருப்பார். ஆயினும் சிரித்த முகத்துடன் கைக்கருவியைக் கொண்டுவந்து நீரில் வைத்துக் காட்டினார். இரண்டு எண்களும் ஒத்திருந்தன.

"அம்மைக்கு இப்ப சமாதானமாச்சா?" என்றார்.

"நேத்தைக்கு இதுல கிடந்தவருக்கும் பாத்தியளா?" என்று கேட்டேன்.

அவர் கருவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.