உள்ளே கட்டை பிடித்தவர்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. எனக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். "வலிக்கவே வலிக்காது" என்று தினமும் பத்துப் பேரிடம் பொய் சொல்கிறவர்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த குறடு நடுங்கியது. அது என் வாய்க்குள் இருந்ததால் எனக்கு நன்றாகவே தெரியும்.

டாக்டருக்கு ரயில் எஞ்சின் பைத்தியம். வாரம் ஆறு நாள் பல் பிடுங்குவார். ஞாயிற்றுக்கிழமை நீராவி எஞ்சினுக்குப் பல் விளக்குவார். பழைய ஷெட் ஒன்றில் துருப்பிடித்து நின்ற அந்த எஞ்சினுக்கு, அவரும் அவர் மைத்துனனும் நாலு வருஷமாக உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது நடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் எல்லாம் போச்சு. எஞ்சினைப் பூங்கா வாசலில் பெயின்ட் அடித்து பொம்மையாக நிறுத்திவிடுவார்கள்.

பாக்கி வேலை கொஞ்சம்தான். கரி எரியும் நெருப்பு அறையின் இடது சுவரில் எட்டு செம்பு ஆணி, வலது சுவரில் எட்டு. உள்ளே ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஆணியைத் துளை வழியாகத் தள்ளி, பின்னால் கனத்த இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். வெளியே ஒருவர் முனையைச் சுத்தியலால் அடித்துப் பரப்ப வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. காதில் அடைப்பான் இருப்பதால் பேச்சும் கிடையாது. ஒரு தட்டு என்றால் 'தயார்'. இரண்டு தட்டு என்றால் 'போதும், அடுத்தது'. உள்ளே போகும் முறை வாராவாரம் மாறும்.

அன்று காலையிலிருந்தே இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "அது தேறாம போனாத்தான் நீங்க ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்க" என்று முந்தின நாள் டாக்டரின் மனைவி சொன்னதற்கு, தம்பிக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு டாக்டருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இவன் அக்கா அனுப்பிய ஆளோ? வேலையைக் கெடுக்க வந்தவனோ?

பிற்பகல் 2.10. டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்தார். மைத்துனனைக் காணோம். இந்த வாரம் அவன் முறை, உள்ளே போயிருப்பான். ஆணிப் பையும் கட்டைகளும் காலையிலேயே உள்ளே வைத்தாயிற்று. இடது பக்கம் உட்கார்ந்து சுவரில் ஒரு தட்டு தட்டினார்.

டங்.

பதில் வந்தது. ஆணி முனை துளையில் எட்டிப் பார்த்தது.

2.25. மூன்று ஆணி முடிந்தது. மைத்துனன் கட்டை பிடித்தால் ஆடும். நடுநடுவே முதுகு வலி என்பான். இன்று கட்டை இம்மி அசையவில்லை.

"என்ன மாப்ள, இன்னிக்கு திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்று கத்தினார்.

இரண்டு தட்டு மட்டும் வந்தது. போதும், அடுத்தது.

2.40. வியர்வை துடைக்க நிறுத்தினார். உள்ளே சத்தம் நிற்கவில்லை… டம். டம். டம். கட்டை பிடிக்கிறவனுக்குச் சுத்தியல் எதற்கு? வலது சுவரில் எதையாவது உடைக்கிறானா, படுபாவி?

அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் மூக்குக்கு நேராக ஐந்தாவது ஆணி வெளியே வந்தது.

டங். தயார்.

ஒரே ஆள்… இரண்டு சுவரிலுமா?

3.05. எட்டாவது ஆணியை அடித்து முடித்தார். கையும் களவுமாகப் பிடிப்பது என்று எஞ்சினைச் சுற்றி ஓடினார்.

எதிரே மைத்துனன் வந்தான். கையில் சுத்தியல்.

"அத்தான்… நீங்க உள்ள இல்லையா?"

"நீதானடா உள்ள?"

"போன வாரம் மழையில பாதியிலயே கிளம்பிட்டோமே. அது கணக்குல வராதுன்னு… இன்னிக்கும் உங்க முறைன்னு நினைச்சேன்."

வலது சுவரில் எட்டு ஆணியும் அடித்தாகிவிட்டிருந்தது.

நெருப்பு அறையின் அகலம் நாலடி. நடுவில் ஒருவன் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தால்…

டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

யாருமில்லை.

ஆணிப் பை காலியாக, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் இருவரும் ஜென்மத்தில் எதையும் மடித்து வைத்ததில்லை.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எஞ்சின் போய்விடும். அவர் தனியாக உள்ளே தவழ்ந்து போனார். இருபது நிமிஷம். கரியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"பிரமாதம். தேறிடுச்சு. காகிதம் தபால்ல வரும்."

டாக்டர் மைத்துனனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். அவனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடியது. மனைவியும் ஏறிக்கொண்டாள். நடந்ததை நினைவுபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சான்றிதழ் வந்தது. அடியில் இரண்டு வரிக் குறிப்பு.

'சோதனையின்போது எனக்கு உள்ளே விளக்குப் பிடித்த தொழிலாளி, நான் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அவர் வெளியேறிவிட்டதை உறுதி செய்த பிறகே தீ மூட்டவும்.'

எஞ்சின் ஓடிய ஞாயிற்றுக்கிழமை காலை 6.15க்குத் தீயை உள்ளே எறிந்து, இரும்புக் கதவைத் தாழிட்டவர் டாக்டர்தான்.