புளி போட்டுத் துலக்கிய தோட்டாக்கள்

நேசராணி தோட்டாக்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். அடிப்பக்கத்துப் பித்தளையில் பாசி மாதிரிப் பச்சை பூத்திருந்தது. புளியில் சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொன்றாய் அரக்கித் தேய்த்துத் துணியால் துடைத்ததும் பளிச்சென்று ஆனது. கோயிலில் மாதாவுக்கு முன்னால் நிற்கும் மெழுகுவர்த்தித் தண்டுகளை மாதா மாதம் துலக்குகிறவள் அவள்தான். பித்தளை அவள் சொன்னபடி கேட்கும்.

"கடையில வாங்குன மாதிரி இருக்கே!" என்றார் அவள் புருஷன் மாணிக்கராஜ். "நனஞ்ச சாமான ஒங்கையில குடுத்தாத்தான் அது உருப்படும்."

அது வெறும் முகத்துதி அல்ல. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பகலிலும் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் நேசராணி. அங்கே ஒரு பொருளை வைத்திருப்பது என்றாலே அதைக் காயவைத்துக்கொண்டிருப்பது என்று அர்த்தம். பள்ளிக்கூடச் சட்டையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்துப் போட்டுக்கொண்டு போவாள். "கருவாட்டு ராணி வந்துட்டாடி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் கூடப் படித்த பிள்ளைகள். அழுததில்லை, சட்டை காய்ந்திருக்கிறதல்லவா, அது போதும். பசறைக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே வானத்தைப் பார்த்து, வீட்டில் எது எது வெளியே கிடக்கிறது என்று மனசுக்குள் எடுத்து வைப்பாள்.

போன பெருமழையில் மலை சரியும் என்று லயத்து ஆட்களை எல்லாம் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பயிரில் இறங்கும் பன்றியைச் சுட லைசன் எடுத்து வைத்திருந்த துவக்கை மாணிக்கராஜ் பொறுப்பாகப் பொலிஸில் ஒப்படைத்தார். தோட்டாக்களை மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், கூரைத் தகரம் ஒழுகி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. மேலே கல்யாணப் புடவை, அடியில் சீலைப் பையில் தோட்டாக்கள். புடவையை வெயிலில் விரித்தாள். தோட்டாக்களை அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் பரப்பினாள். பெட்டிக்குள் போகாமல் அலுமாரி மேல் கிடந்து தப்பிய தோட்டாக்களும் கொஞ்சம் இருந்தன. துலக்கும்போது அவற்றையும் சேர்த்தே துலக்கி, எல்லாவற்றையும் ஒரே பால்மா டின்னில் போட்டு மூடினாள்.

இப்போது எது நனைந்தது, எது நனையாதது என்று அவளுக்கே தெரியாது. அதுகூட அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மாணிக்கராஜ், பொலிஸிலிருந்து திரும்ப வாங்கி வந்த துவக்கோடு, போஞ்சிக்காய் போட்டிருந்த தோட்டத்துக்குப் பன்றிக் காவலுக்குப் போனார். வழக்கமாக ஒரு வெடி கேட்டால் லயமே வெளியே வந்து நிற்கும். பன்றி விழுந்தால் எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு. அன்றைக்குக் கேட்டது வெடிச் சத்தமில்லை, யாரோ ஈர விறகை ஊதின மாதிரி ஒரு 'புஸ்'.

"பன்னி நின்னு என்னையப் பாத்து சிரிச்சுட்டுப் போகுது," என்று வந்தவர், துவக்கைச் சாக்கில் சுற்றித் துவக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நேசராணியும் சிரித்தாள்.

சனிக்கிழமை பசறையில் றவூப் நானாவின் கடையில் சீனியும் கருவாடும் வாங்கும்போது அதையே கதையாகச் சொன்னாள். றவூப் நானாவுக்கும் லைசன் துவக்கு உண்டு. டவுனுக்குக் கீழே அவருக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருந்தது. தராசில் சீனியை அள்ளிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"அடுப்புக்கு மேலயா காயவெச்ச? வீட்டோட எரிஞ்சு பெய்த்திருப்பீங்க தங்கச்சி. அல்லாதான் காப்பாத்தீக்கிறான்."

"இப்ப நல்லா காஞ்சிருச்சு நானா."

"வெளிய காஞ்சா உள்ளுக்க மருந்து காஞ்சதாகுமா? வெடிக்காத தோட்டாவுக்கு நான் பயமில்ல. பாதி வெடிக்கிற தோட்டாதான் எமன். புஸ்ஸெண்டு கேட்டிச்சிண்டா, மருந்து சரியா எரியல்ல. உள்ளுக்க இருந்த ஈயச் சாமான் குழாய்க்குள்ளயே அடைச்சு நிண்டீக்கவும் கூடும். அதுக்குப் பின்னால நல்லதொண்டப் போட்டுச் சுட்டா, பன்றியா சாகும்? குழாய் வெடிச்சுக் கையில வரும்." தன் இடது கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "எங்கட மாமாவுக்கு இந்தப் பக்கத்துக் கண் அப்பிடித்தான் போன."

நேசராணி பையை வாங்கவில்லை. "நல்லதையும் கெட்டதையும் நான் ஒண்ணாக் கலந்துட்டேனே நானா."

"பிரிக்கேலாதெண்டா எல்லாமே கெட்டதுதான். நெருப்புலயும் போடாதீங்க, மண்ணுலயும் புதைக்காதீங்க. அவரையே பொலிஸில கொண்டுபோய்க் குடுக்கச் செல்லுங்க. குழாயப் பாக்காம துவக்கத் தொடவும் வேணாம்."

பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப, எதிர்க் கம்பியைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நகக்கண்ணில் புளிக்கறை இன்னும் போகவில்லை. பச்சை பூத்திருந்தபோது அந்தத் தோட்டாக்கள் தாமே கெட்டுப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவள்தான் அவற்றின் வாயை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் துவக்குப் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். பூட்டியிருந்தது, சாவி அவரிடம். பால்மா டின்னை எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து, தோட்டாக்களை மெல்ல உள்ளே இறக்கினாள். பிறந்ததிலிருந்து ஒரு பொருளை வேண்டுமென்றே அவள் நனைத்தது இதுதான் முதல் தடவை. நனைந்தது என்று கண்ணுக்குத் தெரிந்தாலாவது எடுக்கமாட்டார் அல்லவா?

வேலை விட்டு வந்த மாணிக்கராஜ் வாளிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்னாடி இது? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

றவூப் நானா சொன்னதை எல்லாம் சொன்னாள். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள்.

"அந்த மொதலாளிக்கு என்னா, வாங்குற எடத்துல வாங்குவாரு. நாம கேட்டா 'ஸ்டொக் இல்ல, அடுத்த மாசம் வா'ங்கறான். பன்னி அடுத்த மாசமா வரும்?"

"போஞ்சி போனாப் போகுதுங்க. நாளைக்கு பொலிஸுக்குக் கொண்டு போங்க. நானும் வாறேன்."

"போயி? தோட்டாவ நனைய விட்டவனுக்குத் துவக்கு எதுக்குன்னு கேட்டா?" குரல் இறங்கியது. "காலையில பேரு குடுக்குற பெரட்டுல என்னைய 'டேய்'ன்னு கூப்புடுறாங்க. லயத்துல மட்டுந்தான் 'துவக்குக்கார அண்ணே'. அதையும் கொண்டுபோயி குடுத்துட்டு வரச் சொல்றியா?"

அது உண்மை என்பது அவளுக்குத் தெரியும்.

"குழாய்க்குள்ளயாவது பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"எப்ப?"

மாணிக்கராஜ் பெட்டியைத் திறந்து சாக்கோடு துவக்கை எடுத்தார். கீழ்த் தோட்டத்தில் யாரோ தகரத்தைத் தட்டிப் பன்றியை விரட்டும் சத்தம் கேட்டது. நேசராணி வாளியை எட்டிப் பார்த்தாள். டின் நிறையத் துலக்கிப் போட்டவற்றில், தண்ணீருக்கடியில் கொஞ்சந்தான் கிடந்தன. நிமிர்ந்தாள். அவருடைய வலது கை, போட்டிருந்த கோட்டுப் பையை மேலாக அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, முன்னாடியே எடுத்துட்டீங்களா? பையில என்னாங்க இருக்கு?"

மாணிக்கராஜ் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, துவக்கோடு வெளியே போனார்.