மாரிமுத்து அண்ணனின் இத்தாலி ஊர்

லீவில் ஊருக்குப் போன மாரிமுத்து அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று காலை டீ நேரத்தில் போன் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு கவலை வந்தது. இதை பாவ்லோவிடம் யார் சொல்வது?

துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி சைட்டில் அவரோடு சாரம் கட்டியவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாவ்லோ எங்கள் இன்ஜினியர். இத்தாலியில் இசெர்னியா மாகாணத்து மலையூர்க்காரர். நம் கேம்ப்பில் ஒரு பிளாக்கில் இருக்கிற கூட்டம்கூடத் தன் ஊரில் இல்லை, வருடா வருடம் ஆள் குறைகிறது, பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது என்று அவர் ஒருநாள் வருத்தப்பட்டதுதான் தப்பு. பெரம்பலூர்க்காரரான அண்ணன் அந்த ஊரைத் தத்தெடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து குட்மார்னிங் கிடையாது. "பாஸ், ஆஜ் கித்னா ஆத்மி?" இன்றைக்கு உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று விசாரணை. பாவ்லோவும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுவந்து சொல்வார். அங்கே ஒரு குழந்தை பிறந்தால் இங்கே மெஸ்ஸில் எல்லோருக்கும் கேசரி. ஒருமுறை பக்கத்து ஊரில் இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டது. "நம்மள முந்திட்டானுங்கடா" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

கல்யாணமாகாத பாவ்லோதான் அவருக்குப் பெரிய தலைவலி. "நீங்களே ஒண்டிக்கட்டையா சுத்துனா ஊரு எப்படி பாஸ் நெறையும்? யல்லா, ஜல்தி, சீக்கிரம்!" என்று சேஃப்டி மீட்டிங்கில் எழுந்து கேட்டார். மொழிபெயர்த்த பாவி நான். போன வருடம் பாவ்லோ கல்யாணம் செய்துகொண்டார். அண்ணனுக்குப் பயந்துதான் என்று இன்றும் நம்புகிறேன்.

"அந்த ஊரு மேல உனக்கென்னண்ணே அப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க விசா முடிஞ்சா கலாஸ், அதோட கணக்கு முடிஞ்சுது. ஊர்ல ரேஷன் கார்டுலேர்ந்து பேர எடுத்துட்டாங்க. நம்ம தலைய எங்கயும் எண்ணல தம்பி. ஒருத்தன் போனாக்கூட தெரியிற ஊரு ஒண்ணு இருக்குன்னா, அது நல்லா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பாவ்லோவிடம் நான்தான் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் போனில் ஒரு படம் காட்டினார். யாராவது இறந்தால் நம் பக்கத்தைப் போலவே அங்கும் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்களாம். அந்த மலையூர்ச் சுவரில், கறுப்பு பார்டருக்குள், சேஃப்டி ஹெல்மெட்டோடு மாரிமுத்து அண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். ஒட்ட ஏற்பாடு செய்தது பாவ்லோவின் அம்மா.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் காலைக் கேள்வியைத்தான். மறுநாள் கேட்டேன்.

"பாஸ், ஆஜ் கித்னா ஆத்மி?"

பாவ்லோ அம்மாவுக்கு போன் போடவில்லை. "ஏக் கம்" என்றார். ஒருவர் குறைவு.